மோட்டார் பிரேக்கும் மெக்கானிக்கின் உரிமையும்

மோட்டார் வண்டியின் டாஷ்போர்டிலே ஏ.பி.எஸ். என்னும் மூன்றெழுத்துக்களைத் தாங்கிய மஞ்சள் விளக்கு ஒன்று இருக்கிறது. சாவியைத் திருப்பியவுடன் சில விநாடி எரிந்து பின்னர் அணைந்துவிட வேண்டியது அதன் கடமை. அணையாமல் நின்று எரியுமானால், பிரேக் அமைப்பில் ஏதோ கோளாறு உண்டென்பது பொருள். அவ்வாறு எரியத் தொடங்கிய பிறகு இந்நாட்டில் நடப்பது என்ன? கையில் பணமுள்ளவர் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்குச் செல்கிறார். "மாட்யூல் போய்விட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும்" என்ற தீர்ப்பைப் பெறுகிறார். கேட்ட தொகையைக் கொடுத்துத் திரும்புகிறார். பணமில்லாதவர், "பிரேக் பிடிக்கத்தானே செய்கிறது" என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு மழையிலும் இரவிலும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர், வண்டியை விற்கும் நாள் நெருங்கியதும் விளக்கையே பிடுங்கிவிடச் செய்கிறார். கோளாறு எந்த இடத்தில் இருக்கிறதென்பது மூவரில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் அவர்களுக்கு வைக்கப்படவில்லை.

அரசியல் எழுதும் பக்கத்தில் பிரேக் பெட்டிக்கு என்ன வேலை என்று நேயர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். வேலை உண்டு. இந்தப் பிரேக்கை வண்டியில் வைத்துக்கொள்வதும் வைத்துக்கொள்ளாததும் நம் விருப்பமாயிருந்த காலம் போய்விட்டது. 2015-ஆம் ஆண்டில் பஸ்களுக்கும் கனரக லாரிகளுக்கும், 2018, 2019-ஆம் ஆண்டுகளில் கார்களுக்கும் 125 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கும் இந்திய சர்க்கார் இதனைக் கட்டாயமாக்கினார்கள். கட்டாயமாக்கியதை நாம் மனமார வரவேற்கிறோம். சாலையிலே வீணாக மடியும் உயிர்களை எண்ணிப் பார்க்கிற எவரும் வரவேற்கவே செய்வர். ஆனால் ஒரு பொருளை வாங்கித்தான் தீரவேண்டுமென்று பிரஜைக்குக் கட்டளையிடுகிற சர்க்கார், அப்பொருள் பழுதுபட்டால் அதனை நியாயமான செலவில், தான் நம்பும் தொழிலாளியிடம் சீர்செய்துகொள்ள வழியும் செய்துவைக்க வேண்டாமா? முதற் பாதியைச் சட்டமாகச் செய்து, மறுபாதியைக் கம்பெனிகளின் தயவுக்கு விட்டுவிட்டார்கள் என்பதே நமது குற்றச்சாட்டு.

இந்த யந்திரம் இன்னதென்று முதலில் சொல்லிவிடுவோம். ஓடும் வண்டியில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழற்சி நின்று பூட்டிக்கொள்ளும். வண்டியோ நில்லாது வழுக்கிச் செல்லும். ஸ்டீரிங்கை எப்பக்கம் திருப்பினும் கேளாது. ஆகாய விமானங்கள் ஓடுதளத்தில் இறங்கும்போது இந்த ஆபத்தைத் தவிர்ப்பதற்காக 1950-களில் இங்கிலாந்தின் டன்லப் கம்பெனியார் மாக்ஸரெட் என்னும் கருவியைச் செய்து தந்தனர். மின்னணு மூளையோடு கூடியதாக இது கார்களில் நிலைபெற்றது 1978-இல். ஜெர்மனியின் போஷ் கம்பெனியார் செய்தளிக்க, மெர்ஸிடிஸ் பென்ஸ் வண்டியில் முதலில் ஏறிற்று. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு சென்ஸார் உண்டு; சக்கரத்தோடு சுழலும் பல் வளையத்தைப் பார்த்து வேகத்தை அது அளக்கிறது. நான்கு சென்ஸார்களும் அனுப்பும் சேதியை மாட்யூல் கேட்கிறது. ஒரு சக்கரம் மற்றவற்றைவிட மிகுதியாக வேகம் இழந்து பூட்டிக்கொள்ளப் போகிறதென்று கண்டால், அச்சக்கரத்துக்குச் செல்லும் பிரேக் ஆயிலின் வழியை ஒரு வால்வால் அடைத்து, இன்னொரு வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்குகிறது. சக்கரம் மீண்டும் சுழன்றதும் அழுத்தத்தை ஏற்றுகிறது. இது விநாடிக்குப் பலமுறை நடக்கும். அப்போது மிதியடியில் காலுக்குப் படும் அதிர்ச்சி இதன் வேலையே அன்றிக் கோளாறன்று. அறியாதார் அஞ்சிக் காலை எடுத்துவிடுவதும் உண்டு, எடுக்கலாகாது.

மாட்யூல் செத்துவிட்டால் வண்டி நில்லாமற் போகுமா? பெரும்பாலான வண்டிகளில் சாதாரண பிரேக் இருந்தே தீரும், மிதித்தால் பிடிக்கும். ஆபத்தே இதிலிருந்துதான் பிறக்கிறது. உலர்ந்த சாலையில், நிதானமாக ஓட்டும்போது, வித்தியாசம் ஒன்றும் தெரிவதில்லை. மழை பெய்து நனைந்த தார்ச்சாலையில் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும் நாளில்தான் தெரியும். அன்றியும், பின்சக்கரங்களுக்கு எவ்வளவு அழுத்தம் பகிர்வது என்பதையும் இக்காலத்து வண்டிகளில் இதே மாட்யூல்தான் தீர்மானிக்கிறது. அந்தப் பகிர்வும் நின்றுபோனால், பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முந்திப் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்காகச் சுழலக்கூடும். ஆகையினால்தான் மஞ்சள் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரியும்போது வண்டியை மேற்கொண்டு ஓட்டலாகாது என்று சொல்லப்படுகிறது.

இனி, விளக்கு எரிந்தவுடன் மாட்யூலின் மேல் பழி சுமத்துகிற வழக்கத்தைப் பார்ப்போம். விசாரணையின்றித் தண்டனை விதிப்பதை நீதிமன்றத்தில் ஒப்பாத நாம் ஒர்க்ஷாப்பில் மட்டும் ஏன் ஒப்புகிறோம்? மாட்யூல் என்பது இந்த அமைப்பில் மிகவும் விலை கூடிய உறுப்பு; மிகவும் அடிக்கடி கெடுகிற உறுப்பு அன்று. சேறும் நீரும் கல்லும் நித்தியம் தாக்குகிற இடத்தில் இருப்பவை சென்ஸாரும் அதன் ஒயருமே. அமெரிக்காவில் நடந்ததொன்றைச் சொல்லுவோம். பனியை உருக்குவதற்காகச் சாலையில் உப்பிடும் மாகாணங்களில் ஓடிய ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் 1999 முதல் 2002 வரையிலான பிக்கப் வண்டிகள், மெதுவாக வந்து நிற்கப்போகும் தறுவாயில், காரணமின்றியே ஏ.பி.எஸ். வேலைசெய்து, நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போயின. மாட்யூலில் ஒரு பழுதும் இல்லை. முன்சக்கர சென்ஸார் உட்காரும் இடத்தில் துரு பூத்து, சென்ஸாரைப் பல் வளையத்திலிருந்து சற்றே தூக்கிவிட்டது. இடைவெளி கூடியதும் சேதி நலிந்தது. சக்கரம் நின்றுவிட்டதென்று மாட்யூல் எண்ணிக்கொண்டது. 2005-இல் அக்கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்துத் துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. மாட்யூலை மாற்றியிருந்தால் புது மாட்யூலும் அதே பொய்ச் சேதியைக் கேட்டு அதே தவற்றைச் செய்திருக்கும்.

ஆகவே நல்ல மெக்கானிக் என்ன செய்கிறான்? முதலில் ஸ்கேனரை மாட்டி, மாட்யூலின் ஞாபகத்தில் எழுதிவைக்கப்பட்டிருக்கும் கோளாற்று எண்களைப் படிக்கிறான். சி 0035 என்றிருந்தால் இடது முன்சக்கர சென்ஸாரின் சுற்று. யு 0121 என்றிருந்தால் மாட்யூலோடு மற்ற பெட்டிகளுக்குப் பேச்சே அற்றுவிட்டது. இந்த எண்கள் விசாரணையின் தொடக்கம், தீர்ப்பல்ல. இதை நாம் அழுத்திச் சொல்லக் காரணம், எண்ணைப் படித்த அக்கணமே சாமான் பட்டியலைத் திறக்கிற பழக்கம் நாடெங்கும் பரவிவிட்டமையே. யு 0121 வந்தால், பியூஸ் போயிருக்கலாம், பாட்டரி தளர்ந்திருக்கலாம், வண்டியின் சட்டத்தில் எர்த் ஒயர் இணையும் போல்ட்டு துருவேறியிருக்கலாம், இணைப்பியின் உள்ளே நீர் புகுந்து ஊசிகள் பச்சை பிடித்திருக்கலாம். இவற்றில் எதற்கும் புது மாட்யூல் தேவையில்லை. ஒரு துண்டு உப்புத்தாளும் அரைமணி நேரமும் போதும். சென்ஸாரைப் பழைய ரகத்ததானால் ஓம் மீட்டரால் அளக்கலாம். பல வண்டிகளில் ஓராயிரம் ஓம் முதல் இரண்டாயிரம் ஓம் அளவில் காட்டும். புது ரகத்து மின்னணு சென்ஸாரை அவ்வாறு அளக்கலாகாது. சக்கரத்தைச் சுழற்றி அதன் சேதியைத்தான் பார்க்கவேண்டும். பல் வளையத்தில் வெடிப்புண்டா, பேரிங்கில் ஆட்டமுண்டா என்பதும் பார்க்கப்படும். உள்ளே பிரேக் ஆயிலைத் திருப்பி ஏற்றுகிற பம்ப்பின் மோட்டாருக்கு நேரே மின்சாரம் கொடுத்துச் சுழல்கிறதா என்று சோதிப்பான். மோட்டாரே செத்திருந்தால் மின்னணுப் பகுதியை மட்டும் மாற்றி என்ன பயன்? இத்தனையும் தாண்டி, மாட்யூலின் வாயிலுக்கு நல்ல மின்சாரமும் நல்ல எர்த்தும் நான்கு சக்கரத்துச் சேதியும் ஒழுங்காக வந்து சேர்ந்தும் அது ஊமையாயிருக்கிறதென்றால், அப்போது அது குற்றவாளி.

குற்றவாளி என்று கண்டபிறகும் தூக்குத்தண்டனைதானா என்பது அடுத்த கேள்வி. 1990-களின் பிற்பகுதியில் வந்த வால்வோ 850, எஸ்70, வி70 வண்டிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் ஏ.பி.எஸ். விளக்கு முதலில் எப்போதாவது எரியும். பிறகு வண்டி சூடேறியபின் எரியும். கடைசியில் நிரந்தரமாக எரியும். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் இந்த வியாதியைக் கண்டனர். காரணம் மிகவும் எளியது. மாட்யூலின் உள்ளே இணைப்பியின் ஊசிகள் பலகையோடு சேரும் இடத்தில் வைத்த ஈயப்பற்று, என்ஜின் அறையின் வெப்பத்தாலும் ஓயாத அதிர்வாலும் மயிரிழைபோல் வெடித்துவிடுகிறது. குளிர்ந்தபோது ஒட்டும், சூடானபோது விலகும். அம்மாட்யூலை, அடியிலுள்ள வால்வுப் பாளத்திலிருந்து, பிரேக் குழாய் ஒன்றையும் அவிழ்க்காமலே கழற்றி எடுத்துவிடலாம். மூடியைப் பதமாக அறுத்துத் திறந்து, வெடித்த பற்றுக்களை மறுபடி ஈயமிட்டு, நீர் புகாமல் மூடியை ஒட்டித் திரும்பப் பூட்டினால், வண்டி பழையபடி ஓடுகிறது. கம்பெனி புது மாட்யூலைத்தான் விற்றது. வழி கண்டுபிடித்தவர்கள் சாதாரண உடைமையாளரும் சிறு பட்டறைக்காரருமே. இன்று இதையே தொழிலாகக்கொண்டு, தபாலில் வந்த மாட்யூலைச் சீர்செய்து திருப்பியனுப்பும் பட்டறைகள் பல நாடுகளில் நடக்கின்றன.

இம்முறையில் இன்னுமொரு சௌகரியம் உண்டு. வண்டியின் சொந்த மாட்யூலே திரும்பி வருவதால், அதனுள் எழுதப்பட்டிருக்கும் வண்டி எண்ணும் அமைப்புக் குறிப்புகளும் அப்படியே இருக்கின்றன. காயலான் கடையிலிருந்தோ புதுப்பேட்டையிலிருந்தோ பழைய மாட்யூல் ஒன்றை வாங்கிவந்தால், பாக எண் கடைசி எழுத்து வரை ஒத்திருக்கவேண்டும். ஒத்திருந்தாலும் பல வண்டிகளில் அதனைப் புதிய வண்டிக்கு அறிமுகம் செய்துவைக்காதவரை அது வேலைசெய்யாது. புது மாட்யூலுக்கும் இதே கதி. பழைய சாமானில் ஒரு பெரிய சங்கடம், அதன் வரலாறு தெரியாது என்பதே. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலிருந்து எடுத்ததா, மோதிய வண்டியிலிருந்து எடுத்ததா, யாருக்குத் தெரியும்? அதற்கும் அதே ஈயப்பற்றுத்தான். அதற்கும் அதே வயதுதான்.

அறிமுகம் செய்துவைப்பது என்றோமே, அங்கேதான் பூட்டு இருக்கிறது. அந்த அறிமுகத்துக்குக் கம்பெனியின் ஸ்கேனரும், கம்பெனியின் மென்பொருளும், பல வண்டிகளில் கம்பெனியின் கம்ப்யூட்டரிலிருந்து அனுமதியும் வேண்டும். தெருமுனைப் பட்டறையில் இருபது வருஷம் பிரேக் வேலை செய்து கைபழகிய ஒருவர், கோளாற்றைச் சரியாகக் கண்டுபிடித்து, சாமானைச் சரியாக மாற்றி, கடைசி ஐந்து நிமிஷ வேலைக்காக வண்டியைக் கட்டியிழுத்துக் கம்பெனி வாயிலில் கொண்டுபோய் நிறுத்தவேண்டியவராகிறார். வண்டியை விலைகொடுத்து வாங்கியவன் அதன் உடைமையாளன் என்று பதிவுப் புத்தகம் சொல்கிறது. அவனுடைய வண்டியின் மூளையோ அவனோடு பேச மறுக்கிறது. 1930-இல் வேதாரண்யத்துக் கடற்கரையில் உப்பள்ளிச் சிறை சென்றவர்களின் வழக்கும், எல்லாருக்கும் இன்றியமையாத ஒன்றை ஒருவர் கையில் பூட்டிவைக்கலாமா என்பதுதானே? ஒப்புமை சற்றுப் பெரிதாகத் தோன்றினால் நேயர்கள் பொறுத்தருள்க. இவ்விஷயத்தில் நமக்குள்ள கோபத்தின் அளவுக்கு அது பெரிதன்று.

இது நமது கற்பனைக் குறை அன்று. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், பதினான்கு கார்க் கம்பெனிகள் உதிரிச் சாமான்களையும் கோளாறறியும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிட்டாமல் செய்து, சந்தையை அடைத்துவைத்தன என்று தீர்ப்பளித்து, மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவற்றைத் திறந்த சந்தையில் கிடைக்கச் செய்யவேண்டுமென்றும், வெளியே ரிப்பேர் செய்தான் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்துச்செய்யலாகாதென்றும் கட்டளையிட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 2022-இல் மத்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகா, ரிப்பேர் உரிமையைப் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது; விவசாயக் கருவிகள், செல்போன் முதலிய மின்னணுச் சாமான்கள், வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றோடு மோட்டார் வண்டிகளையும் அதில் சேர்த்தது; அவ்வாண்டு டிசம்பரில் இணையத்தில் ஒரு வாயிலும் திறந்தது. திறந்தமை நன்று. ஆயினும், கம்பெனிகள் விரும்பிய அளவு விவரத்தைத் தொங்கவிடுகிற அறிவிப்புப் பலகை வேறு. கொடுக்கத் தவறினால் தண்டனை என்கிற சட்டம் வேறு. அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் 2012-இல் இதே கேள்வியை ஜனங்களின் நேர் வாக்குக்கு விட்டார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 86 பேர் மெக்கானிக்கின் பக்கம் வாக்களித்தனர். அதன் பயனாக 2014-இல் அந்நாட்டுக் கம்பெனிகள் நாடு முழுமைக்கும் விவரங்களை விற்க உடன்பட்டன. முதலாளிகளின் சொர்க்கம் என்று நாம் பரிகசிக்கிற நாட்டில் நடந்தது இது.

கம்பெனிகளின் சமாதானம் என்ன? "பிரேக் உயிர் சம்பந்தமானது, கண்டவர் கையில் கொடுக்கலாகாது" என்கிறார்கள். இவ்வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அப்பாதியை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு பேசுவதே நமக்கு அழகு. எல்லா மாட்யூலும் வால்வோ மாட்யூல் அல்ல. சிலவற்றில் சுற்று பீங்கான் தகட்டின்மேல் அமைந்து, மெல்லிய அலுமினியக் கம்பிகளால் இணைக்கப்பட்டு, பசைபோன்ற திரவத்தில் மூழ்கியிருக்கும். அங்கே ஈயம் பற்றாது. அதற்கென்றே உள்ள யந்திரம் வேண்டும். காய்ச்சிய இரும்பை எடுத்துக்கொண்டு அதற்குள் இறங்குகிறவர் ரிப்பேர் செய்யவில்லை, நாசம் செய்கிறார். வால்வுப் பாளத்தையும் சேர்த்து மாற்றினால் உள்ளறைகளில் காற்று சிக்கிக்கொள்ளும்; ஸ்கேனரால் வால்வுகளையும் பம்ப்பையும் ஓட்டிக் காற்றை எடுக்காவிட்டால் மிதியடி பஞ்சுபோல் அமுங்கும். டாட் 4 முதலிய பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. வருஷக்கணக்கில் மாற்றாத ஆயில் வால்வுகளை உள்ளிருந்து அரித்துவிடும். சீர்செய்த மாட்யூலை மேஜைமேல் சோதிக்காமல், வெற்றிடத்தில் ஓட்டிப்பார்க்காமல், உடைமையாளன் கையில் சாவியைக் கொடுப்பது பெரும் பிழை. இவற்றை நம் பட்டறைத் தோழர்களிடம் நாம் இனிப்புத் தடவாமல் சொல்லவேண்டும்: தெரியாத வேலையைத் தெரியாதென்று திருப்பியனுப்புகிறவரே இந்தத் தொழிலின் மானத்தைக் காப்பவர். பியூஸைப் பிடுங்கி விளக்கை அணைத்துக் காசு வாங்குகிறவரை நாம் தோழரென்று அழைக்கமாட்டோம்.

வாதத்தின் மறுபாதி பொய். ஆபத்தான வேலையென்றால் அதற்கு வேண்டிய படமும் பாடமும் கருவியும் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். மறைத்துவைத்தால் ஆபத்து கூடுமே தவிரக் குறையாது. வயரிங் படம் கிடைக்காத மெக்கானிக் ஊகத்தால் வேலைசெய்கிறார். கருவி கிடைக்காதவர் காற்றைப் பாதி எடுத்து அனுப்புகிறார். விலை எட்டாத உடைமையாளன் விளக்கை மறைக்கிறான். அன்றியும், கம்பெனியின் கையாலே செய்யப்பட்டது எல்லாம் பழுதற்றது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. 2023 செப்டம்பரில் ஹூண்டாய், கியா என்னும் இரு கொரியக் கம்பெனிகள் அமெரிக்காவில் ஏறத்தாழ 34 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தன. ஏ.பி.எஸ். பெட்டியினுள் பிரேக் ஆயில் கசிந்து, மின்சுற்று குறுக்கிட்டு, நிறுத்திவைத்த வண்டியும் தீப்பிடிக்கக்கூடும் என்பது காரணம். வண்டியை வீட்டுக்கு வெளியே, கட்டடங்களுக்கு அப்பால் நிறுத்துங்கள் என்று எச்சரித்தார்கள். பரிகாரம் என்ன செய்தார்கள் தெரியுமா? பெட்டியை மாற்றவில்லை, பியூஸை மாற்றினார்கள். தீயைத் தடுக்க அது போதுமென்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரியாகவே இருக்கலாம். அதைப்பற்றி நமக்கு வழக்கில்லை. செலவு தம் தலையில் விழும்போது மிகச் சிறிய ரிப்பேரே போதுமென்று கண்டுபிடிக்கிற கம்பெனியார், செலவு நம் தலையில் விழும்போது முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்கிறார்களே என்பதுதான் நம்முடைய கேள்வி.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. பாடியிலும் அம்பத்தூரிலும் பிரேக் செய்யும் தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகளாக நடந்துவருகின்றன. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவாகப் பிறந்து, 2008-இல் தனிக் கம்பெனியாகப் பிரிந்து, வாப்கோ என்ற பெயரில் நடந்து, 2020-இல் ஜெர்மனியின் இஸட். எஃப். கம்பெனியின் கைக்குப் போன தொழில், இங்கிருந்தே இந்தியாவின் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் பிரேக் சாதனங்களைச் செய்துகொடுத்தது. உருவாக்குகிற கை தமிழ்த் தொழிலாளியின் கை. உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று படிக்கிற உரிமை மட்டும் அவன் தெருவிலுள்ள மெக்கானிக்குக்கு இல்லை. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கிய கோவை ஜி. டி. நாயுடு, மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டியே யந்திரவித்தை பயின்றவர் என்பார்கள். இன்று அப்படியொரு இளைஞன் பிறந்து ஒரு வண்டியைக் கழற்றினால், திரும்பப் பூட்டியபின் அது அவன் பேச்சைக் கேளாது. திருகாணிகள் எல்லாம் சரியாயிருந்தும் கேளாது. இதை ஒரு சிறு நஷ்டமென்று நாம் கருதவில்லை.

சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் நம்மவர் கேட்கவேண்டியவை சில உண்டு. கட்டாயமாக்கப்பட்ட பாதுகாப்புச் சாதனம் ஒவ்வொன்றுக்கும் வயரிங் படமும், கோளாற்று எண்களின் பொருளும், மாட்யூலை அறிமுகம் செய்யும் மென்பொருளும் நியாயமான கட்டணத்தில் எந்தப் பட்டறைக்கும் விற்கப்படவேண்டும். விற்க மறுப்பது தண்டனைக்குரிய குற்றமாகவேண்டும். மின்னணுப் பகுதி தனியாகவும் வால்வுப் பாளம் தனியாகவும் சாமானாகக் கிடைக்கவேண்டும். மாட்யூல் சீர்செய்யும் பட்டறைகளுக்குச் சோதனை முறை ஒன்று வகுத்து, தேறியவர்களுக்குச் சான்று கொடுக்கவேண்டும், தேறாதவர் செய்யலாகாது. ஐ.டி.ஐ.களில் பிரேக் பாடம் டிரம்மோடும் டிஸ்க்கோடும் நின்றுவிடாமல், மாணவன் கையில் ஸ்கேனரையும் மீட்டரையும் கொடுத்து நடத்தப்படவேண்டும்.

இதற்கெல்லாம் காலம் பிடிக்கும் என்பார்களாயின், நாளைக் காலையிலேயே செய்யத்தக்க ஒன்றைச் சொல்லுகிறோம். பிரிட்டனில் வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் சோதனையில் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் வண்டி தேறுவதில்லை. இங்கே தகுதிச் சான்றுக்கு வரும் ஒவ்வொரு பஸ்ஸிலும் லாரியிலும் வாடகைக் காரிலும், இன்ஸ்பெக்டர் தாமே உட்கார்ந்து சாவியைத் திருப்பட்டும். விளக்கு எரிந்து அணைந்தால் சரி. அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால், அதை யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். யார், எந்தப் பட்டறையில், எதற்காக என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். ஆறு மாதத்துக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பிரேக்கைச் சீர்செய்யும் வழி நாட்டில் எவ்வளவு அடைபட்டிருக்கிறதென்பது சர்க்காருக்கே தெரிந்துவிடும்.